உறைநிலத்தின் மேல் ஓடும் ரயில்

பாறை போல் இறுகிய தரையில் ரயில் பாதை போடுவதில் என்ன சிரமம் என்று கேட்கத் தோன்றும். திபெத் பீடபூமியில் மண்ணை இறுக்கி வைத்திருப்பது பனிக்கட்டி. அது உருகினால் தரை சேறாகிப் பாதை அமிழ்ந்துவிடும்.

சீனாவின் சினிங் நகரிலிருந்து கோல்முட் வரை 1984-இல் ரயில் ஓடியது. அங்கிருந்து லாசா செல்லும் 1,142 கிலோமீட்டர் பாதையின் வேலை 2001-இல்தான் தொடங்கியது. அதில் சுமார் 550 கிலோமீட்டர் உறைநிலம்.

பொறியாளர்கள் மண்ணின் குளிரைக் காப்பாற்றவே வழி தேடினர். பாதைக்கு அடியில் காற்று புகும்படி உடைகற்களைப் பரப்பினர். பாதையோரம் அம்மோனியா அடைத்த குழாய்களை நட்டனர். குளிர்காலத்தில் அவை மண்ணின் வெப்பத்தை வெளியேற்றுகின்றன. மிகவும் மோசமான இடங்களில் பாலம் கட்டினர்.

2006 ஜூலை 1-ஆம் தேதி லாசாவுக்கு ரயில் புறப்பட்டது. ஆனால் பூமி சூடேறி வருகிறது. மண் உறைந்திருக்கும் வரைதான் பாதை நிற்கும். ஆகவே, அதைக் காக்கும் வேலைக்கு முடிவே இல்லை.