பறங்கிப் பெயரில் ஒரு சீனக் கிழங்கு

பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளுக்குப் பின்னே எழும் மலைத்தொடரில்தான் சதுரகிரி இருக்கிறது. சித்தர்கள் உலவும் மூலிகை மலை என்பது இவ்வட்டாரத்தின் நம்பிக்கை. ஆகவே மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் நாட்டுமருந்துக் கடையில் வாங்கும் சூரணம் எதுவாயினும், அது இம்மலையிலிருந்தே இறங்கிவந்தது என்று எண்ணிக்கொள்வது நமக்கு இயல்பாகிவிட்டது.

வாத நோய்களுக்கான சூரணங்களில் சேரும் சரக்குகளில் ஒன்று பறங்கிப்பட்டை. பட்டை என்பது பெயரளவில்தான். உண்மையில் அது ஒரு முட்கொடியின் கிழங்கு. அதன் இனத்தைச் சேர்ந்த வேறு கொடிகள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. ஆனால் கடைச்சரக்கான இக்கிழங்கின் தாயகம் சீனமும் அதன் அண்டை நாடுகளும்.

முதுகுக்கும் முழங்காலுக்கும் சீனர்கள் இன்றும் காய்ச்சிக் குடிக்கும் பதினைந்து சரக்குக் குடிநீர் ஒன்று, ஏழாம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் என்ற மருத்துவர் தொகுத்த நூலில் இருக்கிறது. அந்தக் குடிநீர் நம் மருத்துவத்தில் இடம்பெறவில்லை. இடம்பெற்றது இந்தத் தனிக் கிழங்கு, அதுவும் போர்த்துக்கீசியர் காலத்தில். 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருந்து நூல் இதற்கென ஓர் உரையாடலையே ஒதுக்கியிருக்கிறது. மேகநோய்க்கு மருந்தென்று புகழ்பெற்ற கிழங்கு இது. பறங்கியர் கொண்டுவந்ததாகக் கருதப்பட்ட அந்நோயின் பெயரே மருந்துக்கும் ஒட்டிக்கொண்டது எனலாம். ஐரோப்பாவிலோ பேரரசர் ஐந்தாம் சார்லஸ் தம் கீல்வாதத்துக்கு இதை அருந்தினார். அவருடைய மருத்துவர் வெசாலியஸ் 1546இல் இக்கிழங்கைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். அதன் புகழை அவர் அவ்வளவாக நம்பவில்லை.

இதில் நம் இலக்கிய வரலாற்றுக்கும் ஒரு செய்தி உண்டு. பறங்கி என்ற அடைமொழியோடு இச்சரக்கைக் கூறும் செய்யுள் எந்தச் சித்தர் பெயரில் வழங்கினாலும், அது பதினாறாம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாக இருக்க இயலாது. போகர் சீனம் சென்றார் என்றும், சீனத்திலிருந்தே வந்தார் என்றும் இருவிதமாகக் கதை சொல்கிறோம். அக்கதையை நிறுவச் சான்றில்லை. கடைக்காரர் மடித்துத் தரும் பொட்டலத்தில் இருப்பதோ கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சீனத் தொடர்பு. பெயரில் மட்டும் சீனம் மறைந்து பறங்கி நின்றுவிட்டது.

வந்த சரக்கை நம்மவர் அப்படியே எடுத்துக்கொள்ளவும் இல்லை. பறங்கிப்பட்டைத் தூளைப் பாலில் பிசறி, பிட்டு அவிப்பதுபோல் ஆவியில் வேகவைத்து, உலர்த்திப் பொடித்த பிறகே சித்த மருத்துவர்கள் சூரணத்தில் சேர்க்கிறார்கள்.