கொடுமுடி ஈந்த குரல்

நாடக மேடை ஏறிய பெண்களை ஊரார் இழித்துப் பேசிய காலம் ஒன்றிருந்தது. அக்காலத்தில், 1908ஆம் ஆண்டு, காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். வறுமை அவரைத் தொடர்வண்டியில் பாட வைத்தது. அக்குரல் அவரை நாடகக் குழுவிற் சேர்த்தது. சிறுவர் வேடத்திற் தொடங்கியவர், தமிழகத்திலும் இலங்கையிலும் புகழ் பெற்றார். கொழும்பு மேடையில் உடன் நடித்த இசைமேதை எஸ். ஜி. கிட்டப்பாவே அவருக்கு வாழ்க்கைத் துணையானார்.

1933இல் கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு வயது இருபத்தைந்துதான். வெள்ளாடை பூண்டார்; எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். கைம்பெண்ணை வீட்டு மூலையில் ஒடுக்கிய சமுதாயத்தில், அவர்தம் கலைவாழ்வு அத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

நடந்ததோ வேறு. 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேடமேற்று நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். பின்னர் ‘மணிமேகலை’யில் துறவியானார், 1953இல் ‘ஔவையார்’ ஆனார், 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகளாகத் தோன்றினார். உறுதியும் குலையவில்லை, கலையும் குன்றவில்லை. 1950களில் சென்னைச் சட்ட மேலவை அவருக்கு இருக்கை தந்தது. 1970இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1980இல் மறைந்தார்.

ஊர் மூட நினைத்த கதவை அவர் தம் குரலாலேயே திறந்தார். மலேசிய முருகன் கோயில்களில் அக்குரல் ஒலிக்கும்போது, அதன் பின்னுள்ள வாழ்வையும் நம் பெண்மக்கள் அறிதல் வேண்டும்.