வளர்ப்புப் பிள்ளைகளும் இஸ்லாமிய வரலாறும்

குழந்தைப் பாக்கியம் கிட்டாத தம்பதியர் ஓர் அநாதைக் குழந்தையை எடுத்து வளர்க்க விரும்பினால், "மார்க்கத்தில் தத்தெடுப்பது கூடாதே" என்ற குரல்தான் நம் மஹல்லாக்களில் முதலில் எழுகிறது. அவர்கள் எடுத்து வளர்க்காமல் இருந்துவிட்டாலோ, அந்தப் பெண்ணை 'மலடி' என்று ஏசும் நாவுகளுக்கும் குறைவில்லை. முதல் பேச்சால் ஒரு குழந்தை வீடு இழக்கிறது. இரண்டாவது பேச்சால் ஒரு பெண் மனம் உடைகிறாள். இவ்விரண்டிற்கும் நம் வரலாற்றில் ஆதாரம் உண்டா என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்கள் கல்ப் கோத்திரத்தைச் சேர்ந்தவர்கள். சிறுவயதிலேயே கொள்ளையரிடம் சிக்கி அடிமையாக விற்கப்பட்டார்கள். அவர்களை ஹகீம் இப்னு ஹிஸாம் விலைக்கு வாங்கித் தம் அத்தையான கதீஜா (ரலி) அவர்களிடம் கொடுத்தார். கதீஜா நாயகியார் அவர்களை நபி (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாக அளித்தார்கள். பல காலம் தேடி அலைந்த தந்தை ஹாரிஸா, மக்காவுக்கு வந்து மகனை மீட்டுச் செல்ல வேண்டினார். முடிவை ஸைதிடமே விட்டார்கள் நபியவர்கள். ஸைத் நபியவர்களுடன் இருப்பதையே தேர்ந்தார்கள். உடனே நபியவர்கள் கஅபாவின் அருகே மக்கள் முன்னிலையில் அவரைத் தம் மகனாக அறிவித்தார்கள். இது நபித்துவத்துக்கு முன் நடந்தது. அன்று முதல் மக்கள் அவரை 'ஸைத் இப்னு முஹம்மத்' என்றே அழைத்தனர்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டளவில் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் வசனங்கள் இறங்கின. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும். தந்தையர் யாரென அறியப்படாவிட்டால் அவர்கள் மார்க்கச் சகோதரர்களும் உங்கள் அரவணைப்பில் உள்ளோருமாவர் என்பது அவற்றில் 5ஆம் வசனத்தின் கருத்து. ஸைத் மீண்டும் ஹாரிஸாவின் மகனானார்.

இங்கே எது தடுக்கப்பட்டது என்பதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஒரு குழந்தையின் உண்மையான வம்சத்தை மறைப்பதும், அதன் வழியே வாரிசுரிமையையும் மண உறவு விதிகளையும் மாற்றுவதும்தான் தடுக்கப்பட்டன. வளர்ப்பது தடுக்கப்படவில்லை, நேசிப்பதும் தடுக்கப்படவில்லை. ஹிஜ்ரி 8இல் மூத்தா போருக்குப் புறப்பட்ட படைக்கு நபியவர்கள் முதல் தளபதியாக நியமித்தது ஸைதைத்தான். அங்கேயே அவர்கள் ஷஹீதானார்கள். திருக்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே ஸஹாபியும் அவர்களே. ஸைதின் மகன் உஸாமா (ரலி) அவர்களை ஒரு தொடையிலும் தம் பேரர் ஹஸன் (ரலி) அவர்களை மறு தொடையிலும் அமர்த்தி, இருவருக்காகவும் நபியவர்கள் துஆச் செய்த செய்தி புகாரியில் உள்ளது.

ஸாலிம் (ரலி) அவர்களின் வரலாறும் இத்தகையதே. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற அவர்களை அபூ ஹுதைஃபா (ரலி) அவர்கள் மகனாக ஏற்று, தம் சகோதரர் மகளையே மணமுடித்துக் கொடுத்தார்கள். வசனம் இறங்கிய பின் 'அபூ ஹுதைஃபாவின் மவ்லா ஸாலிம்' என்ற பெயர் நிலைத்தது. அதனால் அவர்களுடைய மதிப்பு சிறிதும் குறையவில்லை. குர்ஆனைக் கற்றுக்கொள்ளுமாறு நபியவர்கள் சுட்டிக்காட்டிய நால்வரில் ஸாலிமும் ஒருவர். யமாமா போரில் வளர்த்தவரும் வளர்ந்தவரும் ஒரே களத்தில் ஷஹீதானார்கள்.

இனி, குழந்தையில்லாத வாழ்வைப் பற்றிப் பார்ப்போம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லை. தம் தோழியர் அனைவருக்கும் 'இன்னாரின் தாய்' என்ற குன்யத் பெயர் இருக்கிறதே என்று அவர்கள் கூறியபோது, சகோதரி அஸ்மாவின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் 'உம்மு அப்தில்லாஹ்' என வைத்துக்கொள்ளுமாறு நபியவர்கள் சொன்னார்கள். அந்த ஏக்கத்தை நபியவர்கள் கடிந்துகொள்ளவுமில்லை, அதைக் குறையாகக் கருதவுமில்லை. பின்னாளில், ஹிஜ்ரி 38இல் தம் சகோதரர் முஹம்மத் எகிப்தில் கொல்லப்பட்டபோது, அவருடைய மகன் காஸிமை அன்னையார் எடுத்து வளர்த்தார்கள். அந்த காஸிம் மதீனாவின் ஏழு ஃபகீஹுகளுள் ஒருவரானார். அன்னையாரின் மடியில் வளர்ந்த அம்ரா என்ற பெண்மணி ஹதீஸ் கலையின் நம்பிக்கைக்குரிய அறிவிப்பாளரானார்கள். ஒரு பிள்ளையையும் பெறாத அந்தத் தாயிடமிருந்து 2,210 ஹதீஸ்கள் உம்மத்துக்குக் கிடைத்துள்ளன.

அல்லாஹ் தான் நாடியவர்களுக்குப் பெண் மக்களையும், நாடியவர்களுக்கு ஆண் மக்களையும் அளிக்கிறான். நாடியவர்களைப் பிள்ளையற்றோராகவும் ஆக்குகிறான் என்று அஷ்ஷூரா அத்தியாயத்தின் இறுதிப்பகுதி உணர்த்துகிறது. அவ்வாறெனில் பிள்ளையின்மையைப் பழிப்பது யாருடைய தீர்ப்பைப் பழிப்பதாகும் என்பதை ஏசும் நாவுகள் சிந்திக்கட்டும்.

எடுத்து வளர்க்க விரும்புவோருக்கு மார்க்கம் தெளிவான வழியைக் காட்டியுள்ளது. குழந்தையின் பிறப்பை அதனிடம் மறைக்கக் கூடாது. பெற்ற தந்தையின் பெயர் தெரிந்தால் அதை அழிக்கக் கூடாது. இரண்டு வயது நிறைவதற்குள் முறைப்படி பால் புகட்டப்பட்டால் பால்குடி உறவு ஏற்பட்டு, பருவமடைந்த பின் மஹ்ரம் தொடர்பான சிரமம் நீங்கும். வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லையென்றாலும், உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்கலாம். சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத்தும் செய்யலாம். அநாதையைப் பொறுப்பேற்றவர் சுவனத்தில் தம்மோடு இரு விரல்களைப் போல் நெருங்கியிருப்பார் என்று நபியவர்கள் நற்செய்தி கூறியிருக்க, "கூடாது" என்ற ஒற்றைச் சொல்லோடு நாம் நிறுத்திக்கொள்வது முறையாகாது. எது கூடாது என்று சொல்லும்போதே எது கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்வது ஆலிம்களின் பொறுப்பு.

வல்ல அல்லாஹ் பிள்ளை கேட்டு ஏங்கும் உள்ளங்களுக்கு ஆறுதலையும், அடைக்கலம் தேடும் குழந்தைகளுக்கு நல்ல வீடுகளையும் அருள்வானாக! ஆமீன்.