கம்பும் கத்தியும்: பினாங்கின் ஒரு பழைய வீதி

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், காதர் முகைதீன் என்னும் தமிழ் முஸ்லிம் தலைவர் 1801-ஆம் ஆண்டில் நிறுவிய பள்ளிவாசலின் பெயரைத் தாங்கி நிற்கும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை, ஆங்கிலேயர் ஆட்சியில் அவர்களுடைய பிரதம மந்திரியொருவரின் பெயரால் பிட் தெரு என்று வழங்கி வந்தது. கிறிஸ்தவ தேவாலயம், சீனரின் கருணைத் தேவி ஆலயம், பள்ளிவாசல் ஆகியவை அடுத்தடுத்து நிற்பதால் இதைச் சமரச வீதி என்று யாத்திரிகர் இன்று போற்றுகிறார்கள். ஆனால் 1867 ஆகஸ்டு மாதத்தில் இந்தப் பட்டணத்தில் சமரசம் பத்து நாட்கள் வரையில் தலைமறைவாக இருந்தது.

மொகரம் விழாவையொட்டி வளர்ந்த வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்னும் இரு முஸ்லிம் சங்கத்தார் பகை கொண்டு, முன்னவர் கீ ஹின் என்னும் சீன ரகசியச் சங்கத்தோடும், பின்னவர் அதன் எதிரியான தோ பே கோங் சங்கத்தோடும் கைகோத்துக் கலகம் செய்தனர். மதமும் இனமும் வேறான மனிதர்கள் தோழராகவும், ஒரே மதத்தார் எதிரிகளாகவும் நின்ற விசித்திரம் அது. பக்கத்துத் தெருவொன்றுக்கு அக்கலகத்தின் பீரங்கிக் குண்டினால் பெயர் வாய்த்தது.

மொகரம் ஊர்வலத்தில் சிலம்பம் ஆடுவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். அந்த வித்தையில் கத்திக்கு முதல் விடை தூரமேயாகும். நெற்றியுயரக் கம்பு கையிலிருப்பவன், எதிரியின் கத்தி எட்டுமுன்பே அவனுடைய மணிக்கட்டைத் தட்டிவிடலாம். ஆகவே ஆசான்கள் கம்பைச் சுழற்றக் கற்பிப்பதற்கு முன்னரே காலடியைக் கற்பித்தார்கள். இடம் குறுகி, வெறுங்கையோடு நிற்க நேர்ந்தாலோ குத்துவரிசையும் பிடிகளும் பயன்படும்: நேர்ப் பின்னே ஓடாமல் குறுக்கே விலகி, இரத்த நாளங்கள் ஓடும் உட்புறத்தைக் காட்டாமல் புறங்கையால் ஒதுக்கி, கத்தி பிடித்த கையைப் பற்றி முழங்கையைப் பூட்ட வேண்டும். சொல்ல எளிது, கத்தியைப் பிடுங்கப் போனவன் காயப்படாமல் மீள்வது அபூர்வம் என்பதைச் சினிமாக் கதாநாயகர்கள் மட்டுமே மறந்திருக்கிறார்கள். இரு கொம்புகளை எதிரெதிராகப் பிணைத்த மான்கொம்பைக் கைக்குள் பிடித்து, வரும் கத்தியைத் தடுத்து, அதே வீச்சில் குத்துவது தனியொரு அழகான சாதுரியம்.

மலாய்க்காரரின் சிலாட் வித்தையோ, தாழ்ந்து நெருங்கி, ஆயுதம் வீச இடம் கொடாமல் எதிரியின் கையையும் காலையும் ஒருங்கே அடக்கப் பார்க்கும். கடலோடிகளின் கப்பல் தளத்திலும் குறுகிய சந்திலும் நெடிய கம்புக்கு இடமேது என்று எண்ணும்போது, அதன் நியாயம் எனக்கு விளங்குகிறது. இவ்விரு வித்தைகளும் சந்தித்த துறைமுகத்தில் ஒன்று மற்றொன்றிடம் கற்றிருக்க வேண்டும் என்று ஊகிக்கலாமே தவிர, பிடிவாதமாகச் சாதிக்க என்னிடம் ஏடில்லை.

கலகத்தின் பின் 1868-இல் விசாரணைக் குழு அறிக்கை தந்தது. 1869-இல் சங்கங்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. 1890-இல் ரகசியச் சங்கங்கள் தடையாயின. 2019-இல் சிலாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இன்றோ, அந்தப் பள்ளிவாசல் ஓரத்தில் இரவில் நாசி கண்டார் என்னும் சோற்றுணவுக்கு நீண்ட வரிசை நிற்கிறது. கண்டார் என்பது சோற்றுச் சட்டிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்த கம்பின் பெயர்.