நெட்டாலுக்குப் போன பெரிய தாத்தா

இந்த எபிசோட் எங்க வீட்டுக் கதை. அங்கங்க கொஞ்சம் தடுமாறுவேன், பொறுத்துக்குங்க.

எங்க ஊர் நெம்மேலி. கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்குற ஆலை இருக்கிற ஊர்னு சொன்னா சென்னைக்காரங்களுக்குத் தெரியும். எங்க ஆயாவோட தாத்தாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார். “தம்பிகிட்ட கோவிச்சுக்கிட்டு நெட்டாலுக்குப் போனாரு, திரும்பவே இல்ல.” அவரைப் பத்தி வீட்டுல இருந்த தகவல் இந்த ஒரு வரிதான். நெட்டாலுன்னா ஆந்திரா பக்கம் ஏதோ ஊர்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். அது நேட்டால். இன்றைய தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால்.

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலுக்கு ஏற்றிப் போன முதல் கப்பல் அதுதான். 1911 வரைக்கும் போனவங்க மொத்தம் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியா போனவங்க. அஞ்சு வருஷ ஒப்பந்தம், பெரும்பாலும் கரும்புத் தோட்ட வேலை. ஆண்களுக்கு முதல் வருஷம் மாசம் 10 ஷில்லிங், கூடவே சாப்பாடும் தங்க இடமும்.

இவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண் போட்டு, பேர், அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்புல இருக்கிற அடையாளம் வரைக்கும் எழுதி வெச்சிருக்காங்க. அந்தக் கப்பல் பட்டியல்களை இப்ப கம்ப்யூட்டர்லயும் ஏத்திட்டாங்க. நமக்கு இதுதானே தொழில், ஒரு ராத்திரியில ஆளைப் பிடிச்சிடலாம்னு உட்கார்ந்தேன்.

பிடிக்க முடியல. தமிழ்ப் பேரைக் காதால கேட்டு இங்கிலீஷ்ல எழுதின குமாஸ்தா, ஒரே பேரை நாலு விதமா எழுதுவார். ஒலியை வெச்சுப் பேர் தேடுற ‘சவுண்டெக்ஸ்’னு ஒரு பழைய முறை இருக்கு. அது முதல் எழுத்தை அப்படியே வெச்சுக்கும். ‘சின்ன’வை ஒருத்தர் ‘சி’யில ஆரம்பிச்சு, இன்னொருத்தர் ‘எஸ்’ல ஆரம்பிச்சு எழுதியிருந்தா அதுக்கு ரெண்டும் வேற வேற ஆள். கோவிந்தனை ‘ஜி’யில எழுதினாலும் ‘கே’யில எழுதினாலும் இதே கதிதான். அதனால க-வும் ச-வும் பண்ற குழப்பத்துக்கு நானே தனியா விதி எழுதினேன். ஊர்ப் பேர் அதைவிட மோசம். தஞ்சாவூர்ப் பக்கமும் நெம்மேலி இருக்கு. அன்றைய வட ஆற்காட்டுல நெமிலி இருக்கு.

கடைசியில செங்கல்பட்டு ஜில்லாவில் அதே பேர்ல மூணு பேர் மிஞ்சினாங்க. மூணு பேருக்கும் தழும்பு எங்க இருக்குன்னு குறிச்சிருக்கு. எங்க ஆளுக்கு எங்க தழும்பு இருந்துச்சுன்னு வீட்டுல யாருக்குத் தெரியும்? (பேரை நான் இங்க சொல்லலை. ஆயா வேண்டாம்னுட்டாங்க.)

மூணு பேருக்கும் சாதி ஒன்றுதான், எங்க சாதி. பறையர்னு எழுதியிருக்கு. அங்கதான் நான் தேடுறதை நிறுத்திட்டுப் படிக்க ஆரம்பிச்சேன்.

எங்க ஆள் போனது 1890-ஐ ஒட்டி. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் இதே ஜில்லாப் பறையர்களோட நிலைமையைப் பத்தி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். உழுறவனுக்கு நிலம் இல்லை, குடிசை இருக்கிற மண்ணே மிராசுதாருடையது, எதிர்த்துப் பேசினா அதுலயிருந்தும் வெளியேத்தலாம், தரிசு நிலத்துக்கு மனு போட்டாலும் மிராசுதார் மறிக்கலாம். இதெல்லாம் அதுல இருக்கு. 1892-ல் பஞ்சமி நிலம் ஒதுக்க அரசு உத்தரவு போட்டதுக்கு இந்தக் குறிப்பு ஒரு முக்கியக் காரணம்.

தம்பிகிட்ட கோவிச்சுக்கிட்டுன்னு சொன்னாங்களே, நிஜமாவே தம்பிகிட்டயா? எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு. நிரூபிக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. ஆனா மிராசுதார் மண்ணுல குடிசை போட்டு இருக்கிற குடும்பம், பிள்ளைங்ககிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கும்னு தோணுது.

இதை ஆயாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க: “அங்கயாவது அவருக்கு நெலம் கெடைச்சுதா?”

அதுவும் சிக்கலான கதை. கப்பல் கட்டணத்துக்குப் பதிலா நிலம் தரலாம்னு நேட்டால்ல ஒரு சட்டம் இருந்துச்சு. அது கிடைச்சதே ரொம்பக் கொஞ்சம் பேருக்கு. 1891-ல் அதையும் எடுத்துட்டாங்க. இவர் ஒப்பந்தம் முடிக்கும்போது அது இருந்திருக்காது. ஒப்பந்தம் முடிஞ்சும் தங்குறவங்க வருஷத்துக்கு 3 பவுண்டு கட்டணும்னு 1895-ல் வந்த வரி, அதுக்குப் பிறகு ஒப்பந்தம் போட்டவங்களுக்குத்தான். அதுலயிருந்து தப்பிச்சிருப்பார். டர்பனைச் சுத்தி நிறையப் பேர் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டு வித்தாங்க. அந்த மண்ணுக்கும் ஏற்கெனவே சொந்தக்காரங்க இருந்தாங்க, ஜூலு மக்கள். ஆயாகிட்ட இதையும் சொன்னேன். “அப்போ அவங்க எங்க போனாங்க?”ன்னு கேட்டாங்க. அதுக்குத் தனி எபிசோட் வேணும்.

டர்பன்ல யாராவது இதைக் கேட்டுட்டிருந்தா, உங்க வீட்டுல நெம்மேலின்னு ஒரு ஊர்ப் பேர் எப்பவாவது வந்திருந்தா, ஒரு வரி எழுதுங்க. தழும்பு எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சா அதையும் சொல்லுங்க.