துண்டுக் கடதாசியும் பிளொக்செயினும்

பேராதனையில் நின்று பார்த்தால் ஹந்தானை மலை தெரியும். அந்தப் பக்கத் தோட்டங்களில் நூறு வருசத்துக்கு முன்னால் ஒரு தொழிலாளி எங்கே வாழலாம், எங்கே வேலை செய்யலாம் என்பதை ஒரு சின்னக் கடதாசி தீர்மானித்தது. அதற்குப் பேர் 'துண்டு'.

தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தவர் கங்காணி. வழிச்செலவும் சாப்பாடும் அவர் கொடுத்த முன்பணம். ஆகவே தோட்டத்துக்கு வந்து சேரும்போதே தொழிலாளி கடன்காரர். வேறு தோட்டத்துக்குப் போகணும்னா, 'இவ்வளவு கடனைக் கட்டினால் விடுவோம்' என்று துரை எழுதித் தரும் துண்டு வேணும். புதுத் தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் தீராது, இடம்தான் மாறும்.

இந்த முறையை நடத்த மத்திய அலுவலகம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு தோட்டத்து துரை எழுதின கடதாசியை இன்னொரு துரை நம்பினார், அவ்வளவுதான். கங்காணிக்கும் இதில் லாபம் இருந்தது. ஆள் தட்டுப்பாடு வந்தால், கூடுதல் முன்பணம் தரும் தோட்டத்தைத் தேடிப் போவார். துண்டில் உள்ள தொகையும் ஏறும். பெரும்பாலான தொழிலாளர்களுக்கோ தங்கள் பேரில் உள்ள கணக்கை வாசிக்கவே தெரியாது. துண்டை எல்லோரும் நம்பினாங்க, ஆனால் அதில் நியாயம் இருக்கவில்லை.

இப்போ 2016க்கு வருவோம். அந்த வருசம் ஸ்டீம் என்ற பிளொக்செயினும், அதன் மேல் ஸ்டீமிட் என்ற சமூக வலைத்தளமும் தொடங்கின. கணக்கு எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்கும், யாரும் அழிக்க முடியாது, எழுதுகிறவருக்கு டோக்கன் கிடைக்கும் என்றாங்க. ஆனால் டோக்கன் கூட வைத்திருப்பவரின் வாக்குக்குத்தான் கனம் கூட. அதனால் சிலர் தங்கள் பதிவுக்குத் தாங்களே வாக்குப் போட்டாங்க, சிலர் வாக்கை விற்றாங்க.

2020 பெப்ரவரியில் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் கொம்பனியை வாங்கினார். கொம்பனியிடம் இருந்த பெரிய டோக்கன் பங்கை வைத்து வலையமைப்பையே பிடித்துவிடுவார் என்று பயந்து, பயனர்கள் தெரிவுசெய்த பிரதிநிதிகள் அதை முடக்கினாங்க. மார்ச்சில் பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய பரிமாற்றத் தளங்கள், வாடிக்கையாளர்கள் வைப்பிலிட்ட டோக்கன்களைக் கொண்டே வாக்களித்து அந்தப் பிரதிநிதிகளைக் கவிழ்த்தன. ஒவ்வொரு வாக்கும் பிழையில்லாமல் பகிரங்கமாகப் பதிவானது. கணக்கு சரியாகத்தான் இருந்தது, நடந்தது அநியாயம்.

அதே மாதம் பலர் பிரிந்து போய் ஹைவ் என்ற புதிய சங்கிலியைத் தொடங்கினாங்க. பழைய பதிவுகளும் டோக்கன் இருப்பும் கூடவே போயின. கொம்பனியின் பங்கை விட்டுட்டாங்க; சன்னின் பக்கம் வாக்களித்த சில கணக்குகளுக்கும் புது டோக்கன் கொடுக்கவில்லை. அதாவது, அநியாயத்தை எதிர்த்துப் போனவங்களும் தங்கள் பட்டியலைத் தாங்களே எழுதினாங்க.

ஆனாலும் அவங்களால் போக முடிந்தது. எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு அது முடியாது. ஒப்பந்தத்தை மீறி ஓடினால் சிறைக்கும் அனுப்பலாம். துண்டைத் தொழில்நுட்பம் ஒழிக்கவில்லை. பொன்னம்பலம் அருணாசலம், பெரி சுந்தரம் போன்றவர்கள் 1919இல் தொழிலாளர் நலச் சங்கம் அமைத்துக் குரல் கொடுத்தாங்க. 1921இல் சட்டம் வந்த பிறகுதான் அது ஒழிந்தது.

'இங்கே யாரையும் நம்பத் தேவையில்லை, கணக்கே போதும்' என்று அடுத்த செயலி வரும்போது நாம் இரண்டு விசயம் கேட்போம்: அந்தக் கணக்கில் யாருடைய கை ஓங்கியிருக்கு? பிடிக்கலைன்னா நம்மால் துண்டு கேட்காமல் வெளியே போக முடியுமா?