மருத்துவமனைச் செவிலியர் பயிற்றுநர்

பணியிலுள்ள செவிலியரின் அறிவையும் கைத்திறனையும் தொடர்ந்து வளர்க்கும் பொறுப்புடைய அனுபவமிக்க செவிலியர். கல்லூரி ஆசிரியரைப் போலன்றி, இவர் பெரும்பாலும் வார்டிலேயே கற்பிக்கிறார்.

பணிகள்: புதிதாகச் சேர்ந்தோருக்கு அறிமுகப் பயிற்சி அளித்தல், சிபிஆர் (இதய-நுரையீரல் உயிர்ப்பிப்பு), ரத்தம் ஏற்றுதல், மருந்து கொடுத்தல், தொற்றுத் தடுப்பு ஆகியவற்றில் திறனைச் சோதித்தல், புதிய கருவிகளைப் பழக்குதல். செயல்முறையைச் செய்து காட்டி, பயிற்சிப் பொம்மையில் பழக்கி, பின்னர் நோயாளியிடம் செய்யும்போது உடனிருந்து வழிநடத்துவார். தவறு நேர்ந்தால் பழி சுமத்தாமல் காரணத்தை ஆராய்வது இப்பணியின் அறம். அச்சமுள்ள இடத்தில் தவறுகள் மறைக்கப்படும், நோயாளியே பாதிக்கப்படுவார்.

கோட்பாடு: அமெரிக்கச் செவிலியர் அறிஞர் பட்ரீசியா பென்னர், டிரைஃபஸ் சகோதரர்களின் திறன் வளர்ச்சிக் கருத்தைச் செவிலியத்துக்குப் பொருத்தி 1984இல் நூல் வெளியிட்டார். புதியவர், முன்னேறும் தொடக்கநிலையர், தகுதியர், தேர்ச்சியர், வல்லுநர் என்பன அவர் வகுத்த 5 படிநிலைகள். அறுவை வார்டில் வல்லுநரான ஒருவர் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாறினால் மீண்டும் புதியவராகலாம். எனவே பயிற்சி, பணிபுரிந்த ஆண்டுகளை மட்டும் பார்க்காமல் ஒவ்வொருவரின் நிலையறிந்து அமைய வேண்டும்.

தமிழகம்: வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909இல் தொடங்கிய செவிலியர் பயிற்சிப் பள்ளி 1946இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. கற்பித்தலையும் நோயாளி பராமரிப்பையும் இணைத்தே நடத்துவது அதன் மரபு.